பதினாலாவது பேரு

உள்ள வா பிள்ள. செருப்பு வெளிய கெடக்கட்டும், ஒருத்தரும் எடுக்க மாட்டாவ. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, அதுல நீ உக்காரு. எனக்கு இந்தப் பலகை போதும். நீதான எனக்குப் பதிலா வந்திருக்க புது வாலண்டியர்? வருகைப் பதிவேடு, சாக்பீஸ் டப்பா, புத்தகக் கட்டு எல்லாம் அந்தா மூலையில எடுத்து வச்சிருக்கேன். போர்டு ஆணியில தொங்குது. நீ இங்கனயே வந்து பாடம் நடத்துனாலும் சரி, கழத்தித் தூக்கிட்டுப் போனாலும் சரி. இருவத்தஞ்சு வருசம் நடத்தியாச்சு. கண்ணுல புரை விழுந்துட்டு, வேற ஆளப் போடுங்கன்னு நானேதான் சொன்னேன். யாரும் என்னைய வெலக்கல, அதத் தெரிஞ்சுக்கோ.

அதுக்கு முன்னால ஒரு சின்னக் காரியம். போன வாரம் நீ வீடு வீடாப் போயி எழுதுன லிஸ்ட எடு. அன்னைக்கு நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், இல்லன்னா அப்பமே சொல்லியிருப்பேன். குடு, பாப்போம். ம். சண்முகவடிவு, சரி. பூலம்மா, சரி, அவ ரெண்டு தடவ வந்து பாதியில நின்னுட்டா, இந்தத் தடவையாவது விடாம இழுத்துப் பிடி. இந்தா, பதினாலாவது. ஆவுடைத்தங்கம். இந்தப் பேர மட்டும் அடிச்சிரு.

ஏனா? அவளுக்கு மண்டையில ஏறாது. அறுவது வயசு. நாலு வருசமா இந்த வீட்டுலதான் இருக்கா. நான் பாடம் நடத்துதப்பம் எல்லாம் பின்னால சுவத்துல சாஞ்சு, மடியில இலையும் தூளும் பரத்துன சொளவ வச்சு பீடி சுத்திட்டே இருப்பா. ஒருநாள் வாயத் தொறந்து 'அ'ன்னு சொன்னதில்ல. உன் நேரம்தான் வீணாப் போவும். அடி.

பேனாவ எடுக்க மாட்டக்கியே. சரி, காரணம் சொல்லுதேன். அவ சுத்துன பீடியக் குடுத்துட்டு இலை வாங்கக் கடைக்குப் போயிருக்கா. வர ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள சொல்லிருதேன். கேட்டுட்டு நீயே அடிப்ப. ஆனா ஒண்ணு, இது உன் காதோட நிக்கணும்.

ஆவுடை எந் தம்பி பெண்டாட்டி. தம்பி பேரு குத்தாலம். செத்துப்போனவனப் பத்திக் கெட்டதா பேசக் கூடாதும்பாவ. நான் பேசுவேன். உசுரோட இருக்கும்போதே அவன் காதுபடத்தான் பேசுனேன், இப்பம் என்ன.

எம் புருசன் லாரியில அடிபட்டுப் போனாரு. கல்யாணமாகி நாலு வருசம், பிள்ள குட்டி இல்ல. எங்கப்பா வந்து என்னையக் கூட்டிட்டு வந்தாரு. வீட்டுல வடக்குப் பத்தி உனக்குத்தான் முப்பிடாதி, நான் இருந்தாலும் இல்லாட்டாலும் உனக்குத்தான்னு நாலு பேரு முன்னால சொன்னாரு. சொன்னாரு, எழுதி வைக்கல. ஒரு ரூமு, ஒரு அடுப்படி, பின்னால ஒரு முருங்க மரம். எனக்கு அது போதும். பீடி சுத்துனேன், சாப்புட்டேன், யாருக்கும் பாரமா இல்ல. ரெண்டு வருசத்துல எங்கப்பாவும் போய்ட்டாரு.

அப்பந்தான் ஊருக்குள்ள முதமுதல்ல எழுத்துச் சொல்லிக்குடுக்க வந்தாவ. சாரதாமணின்னு ஒரு காலேஜ் பிள்ள. உன்ன மாதிரிதான், தோள்ல இதே மாதிரி ஒரு பை. பீடி சுத்துத பொம்பளையால சிலேட்டக் கையில பிடிக்க முடியுமா? கை நின்னா கூலி நிக்கும். அதனால அந்தப் பிள்ள என்ன செஞ்சா, எங்க எல்லாரையும் சொளவோட உக்கார வச்சு, முன்னால போர்ட மாட்டுவா. கைக்குத்தான வேலை, கண்ணு சும்மாதான இருக்கு, போர்டப் பாருங்கம்பா. இந்த ஊர்ல இன்னிக்கு வரைக்கும் பாடம் அப்படித்தான். நானும் அப்படித்தான் நடத்துனேன். வாசிக்க எல்லாரும் வாசிப்பாளுவ. எழுதத்தான் வராது.

நல்ல பிள்ளதான் சாரதாமணி. ஆனா மேல உள்ளவங்களுக்கு அவசரம். ஆறு மாசத்துல இந்த ஊர்ல கைநாட்டே இருக்கக் கூடாதுன்னு அவள நெருக்குனாவ. அவ என்ன செய்வா, பாடத்த விட்டுட்டு எல்லாருக்கும் அவவ பேர மட்டும் சொல்லிக்குடுத்தா. கடைசி மாசம் சொளவ இறக்கி வச்சுட்டு, கோலம் படிக்க மாதிரி எழுதி எழுதிப் படிச்சோம். எனக்கு அஞ்சு எழுத்து. அஞ்சையும் சேத்து வச்சாத்தான் முப்பிடாதி. அதுல நடுவுல ஒண்ண எடுத்து இது என்னன்னு கேட்டா முழிப்பேன்.

பெறவு ஒரு விழா வச்சாவ பாரு. மைக் செட் கட்டி, ஆபீசர்மாரு வந்து, ரேசன் கடையில இருந்த மைப்பெட்டி, பால் சொசைட்டியில இருந்த மைப்பெட்டி, பீடிக்கடை மைப்பெட்டி, எல்லாத்தையும் வாங்கிக் குவிச்சு மண்ணெண்ணெய ஊத்தி எரிச்சோம். தீக்குச்சி போட்டது நான்தான். கைநாட்டு இல்லாத ஊருன்னு ஊரு முகப்புல பலகை நட்டாவ. அதுக்குப் பெறவு எவளாவது பெருவிரல நீட்டுனா ஊரே சிரிக்கும்.

கைநாட்டுல ஒரு நல்லது இருந்துச்சு பிள்ள. எரிக்கும்போது எங்களுக்குத் தெரியல. கைநாட்டு வைக்குதவளுக்குப் பத்திரத்த முழுசும் சத்தமா வாசிச்சுக் காட்டணும், வாசிச்சுக் காட்டுனேன்னு எழுதுதவரு அடியில எழுதணும். அது வழக்கம். கையெழுத்துப் போடுதவளுக்கு எவன் வாசிப்பான்? அவளுக்குத்தான் படிப்பு வருமே. நாமளா வாசிச்சுக் காட்டுங்கய்யான்னு கேக்கவும் வாய் வராது. கூட்டத்துக்கு முன்னால மைப்பெட்டிய எரிச்சவ எப்படிக் கேப்பா? வெக்கக்கேடுலா?

விழா முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். குத்தாலம் வந்தான். எக்கா, அப்பா பேருல இருக்க வீட்டுத் தீர்வைய மாத்தணும், நீயும் ஒரு கையெழுத்துப் போடணும்னான். போனேன். ஆவுடையும் வந்தா, இடுப்புல கைப்பிள்ளையோட. அவளுக்கு அப்பம் பிள்ள பெத்த உடம்பு, வகுப்புக்கே வரல, கைநாட்டுதான். பத்திரம் எழுதுதவரு கடையில பெஞ்சு நெறைய ஆளு. அவரு தாள நீட்டி, அம்மாவுக்குக் கையெழுத்து வருமான்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கதுக்குள்ள இந்த ஆவுடை சொல்லுதா, எல்லாருக்கும் கேக்க மாதிரி சொல்லுதா:

"மயினி, நீங்க கைநாட்டே வையுங்களேன்."

பெஞ்சுல இருந்த அத்தன பேரும் சிரிச்சாவ. எனக்கு உச்சந்தலையில சுட்டுது. குத்தாலம் அவள மொறச்சான். அவ விடல, ரெண்டாந் தடவையும் சொன்னா, கைநாட்டுதான் மயினி நல்லதுன்னு. என்ன திமிரு பாத்தியா. அவ கைநாட்டு, நானும் அவள மாதிரியே இருக்கணும், அதுதான் அவ ஆசை. பேனாவப் பிடுங்கி, தாளுக்கு ஒண்ணா முப்பிடாதி முப்பிடாதின்னு போட்டேன். நின்னு போட்டேன். எல்லாரும் பாக்கட்டும்னு போட்டேன்.

மூணு மாசம் கழிச்சு வடக்குப் பத்திக்குப் பூட்டுப் போட்டான் எந் தம்பி. நீதான எழுதிக் குடுத்த, எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லன்னு கையெழுத்துப் போட்டல்லா, பெறவு என்னன்னான். ஊர்ப் பெரியவங்ககிட்டப் போனேன். கையெழுத்த வச்சுப் பாத்துட்டு, இது ஒன்னோடதுதான முப்பிடாதின்னு கேட்டாவ. என்னோடதுதான். அழகான கையெழுத்து.

என்ன கேக்க? அவ நல்லதுக்குச் சொன்னாளோவா? நீ சின்னப் பிள்ள, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நல்லதுக்குச் சொல்லுதவ காதுல வந்து சொல்லணும். கூட்டத்துல கூவுவாளா? சரி, பக்கத்துல புருசன் நின்னான், காதுல சொல்ல முடியலன்னே வச்சுக்கோ. அதுக்காக? அவளுக்கு எல்லாம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியலன்னா என்ன, காது இருக்குலா, புருசன் பேசுதது காதுல விழாமலா இருக்கும்? நான் பெட்டியத் தூக்கிட்டு எறங்குனப்பம் வாசல்ல நின்னு அழுதா. அழுதா சரியாப் போச்சா? வடக்குப் பத்தியில அவ மாட்டக் கட்டுனாளா இல்லையா?

நான் பஜனை மடத்துப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்தேன். பத்திரத்துக்க நகல எடுத்தேன். சாரதாமணி இன்னும் ஊருக்கு வந்துட்டு இருந்தா, அவ முன்னால அதக் கொண்டு போட்டேன். இதப் படிக்கச் சொல்லிக்குடு, வேற ஒண்ணும் வேண்டாம்னேன். அந்தப் பிள்ள அழுதுட்டா. எல்லாரும் அம்மா, ஆடுன்னு படிச்சாவ. நான் படிச்ச முதப் பாடம், சொத்துல பங்கு இல்லன்னு எழுதிக் குடுக்க விடுதலைப் பத்திரம். யாதொரு, அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு. பாத்தியமும், அதுக்கு ஒரு நாள். படித்துப் பார்த்து முழுச் சம்மதத்துடன்னு கடைசியில ஒரு வரி வரும். நான் படிச்சுப் பாத்தேனாம். அந்த வரிய வாசிச்ச அன்னைக்குச் சோறு எறங்கல. எரிச்சலுல படிச்சவ மாதிரி யாரும் படிக்க முடியாது பிள்ள. ஒரு வருசத்துல பேப்பர் வாசிச்சேன், கண்ணுல பட்டத எல்லாம் வாசிச்சேன், எழுதவும் செஞ்சேன்.

சாரதாமணி கல்யாணமாகிப் போனதும் கொஞ்ச நாள்ல நானே வாலண்டியர் ஆனேன். எல்லாரும் சேவை சேவைங்காவ. பொன்னாட கூடப் போத்துனாவ. என்ன சேவை? எனக்கு ஆத்திரம். என் வகுப்புல எவளும் பேரோட நிக்கக் கூடாது. ஒரு பக்கம் கடகடன்னு வாசிச்சாத்தான் பேரு எழுதக் கத்துக்குடுப்பேன். அதுக்கு முன்னால பேனாவத் தொட்டா கையில போடுவேன். வாசிக்காமக் கையெழுத்துப் போடுதவ குருடியவிட மோசம்னு நாளுக்கு நாலு தடவ சொல்லுவேன். எத்தன பொம்பளைய தப்பிச்சிருக்காளுவ தெரியுமா? இந்த ஊர்ல எவன் பத்திரத்தக் கொண்டு வந்தாலும் இரு, எங்க முப்பிடாதி அக்கா வாசிக்கட்டும்பாளுவ. என்னையக் கண்டா பத்திரம் எழுதுதவங்களே தாள இன்னொரு தடவ சரி பாப்பாவ.

குத்தாலம் ஆறு வருசத்துக்கு முன்ன செத்தான். போயி உக்காந்தேன். அழல. அழலன்னு ஊரு பேசுச்சு, பேசட்டும்.

அவன் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஆவுடை என் வகுப்புக்கு வந்து நின்னா. தானா வந்தா. மயினி, விதவைப் பென்சனுக்கு எழுதணும், பாங்குல கணக்குத் தொறக்கணும், எனக்கும் கையெழுத்து சொல்லித் தாங்கன்னா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இருவத்தி நாலு வருசமா நான் சாமிகிட்டக் கேட்டத சாமி தாம்பாளத்துல வச்சு நீட்டுன மாதிரி இருந்துச்சு. வா ஆவுடை, உக்காருன்னேன். பக்கத்துல உக்கார வச்சேன். கையப் பிடிச்சு எழுத வச்சேன். ஒரு பக்கம் வாசிச்சாத்தான் பேருங்குத சட்டமெல்லாம் அவளுக்குக் கெடையாது. அவ பேருல எட்டு எழுத்து. ஒரு மாசம் அந்த எட்ட மட்டும் எழுத வச்சேன். முத்து முத்தா வந்துச்சு. மத்த எழுத்து எப்பம் மயினின்னு கேட்டா. ஒனக்கு எதுக்கு, இது போதும்னேன். வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

புரியுதா பிள்ள? நான் காத்துக்கிட்டு இருந்தேன். வீடு குத்தாலம் பேருல. மவன் ரெண்டு பேரு. மூத்தவன் சுயம்பு, கோயம்புத்தூர்ல இருக்கான், அப்பன உரிச்சு வச்சவன். எப்படியும் ஒருநாள் தாளத் தூக்கிட்டு வருவான்னு எனக்குத் தெரியும். பாம்புக் குட்டிக்குக் கொத்தச் சொல்லியா குடுக்கணும்?

ஒரு வருசத்துக்குள்ள வந்தான். என்னையத்தான் தேடி வந்தான். அத்த, அம்மா பேருக்கு வீட்ட மாத்துதோம், ரெண்டு சாட்சி வேணும், ஒண்ணு நீங்க போடுங்க, உங்க கையெழுத்துன்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்னான். போனேன். அதே தெரு, வேற கடை. நான் தாள வாங்குனேன், கண்ணாடியப் போட்டேன், முதப் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சேன். முத வரியில பெரிய எழுத்துல போட்டிருக்கு, விடுதலைப் பத்திரம். எனக்குத் தெரியாத பத்திரமா? மனப்பாடம்லா. அம்மா பேருக்கு மாத்தல, அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லன்னு எழுதிருக்கான். எழுதுதவரு கேட்டாரு, அம்மாவுக்குக் கையெழுத்தா கைநாட்டா, கைநாட்டுன்னா நான் வாசிக்கணும்னு. கையெழுத்துதான்யா, நல்லாப் போடுவான்னு நான்தான் சொன்னேன்.

ஆவுடை பேனாவ வாங்கிட்டா. உடனே போடல. என் மூஞ்சியப் பாத்தா.

"மயினி, நீங்க வாசிச்சிட்டீயளா? சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. போடு."

போட்டா. எட்டு எழுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் அடியில. நான் சொல்லிக்குடுத்த அதே அழகு. சாட்சின்னு கடைசியில நான் போட்டேன். முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கால் கிலோ அல்வா வாங்கி நின்னுகிட்டே தின்னேன். இருவத்தஞ்சு வருசத்துல அல்வா அப்படி இனிச்சதில்ல. நீ என்னைய அப்படிப் பாக்காத. ஒனக்கு நடக்கல, அதான். எனக்கு நடந்துச்சு. எனக்கு நடந்ததுல நூத்துல ஒண்ணு கூட நான் செய்யல, சரியா இருக்குன்னு ரெண்டு வார்த்தைதான் சொன்னேன்.

சுயம்பு வீட்டு முன்பக்கத்த இடிச்சுக் கடையாக் கட்டி வாடகைக்கு விட்டான். அம்மாவக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போனான். மூணு மாசம். மருமவ கூட ஒத்துவரல, ஒரு மஞ்சப் பையோட எறங்கி வந்துட்டா. சின்னவன் ஓமான்ல இருக்கான், அவன் என்ன செய்வான். ஊரெல்லாம் பாத்துட்டு கடைசியில இந்த வாசல்ல வந்து நின்னா. அந்தா, நீ செருப்பு விட்டிருக்கல்லா, அங்கனதான். எனக்கு வேண்டியது அதுதான. என் வாசல்ல அவ நிக்கணும். நான் உள்ள வான்னு சொல்லணும்.

மயினி, நீங்க வாசிச்சிட்டுத்தான சொன்னீயன்னு கேட்டா. நான் அசரல. நான் வாசிச்ச தாளு வேற ஆவுடை, உம் மவன்தான் பெறவு தாள மாத்திட்டான், எனக்கும் இப்பந்தான் தெரியுதுன்னேன். நம்பிட்டா. மண்டைய ஆட்டிட்டு, அடுப்படிக்குப் போயி உலை வச்சா. அன்னையிலேருந்து நாலு வருசம். நான் சொல்லாமலே சமைக்கா, துவைக்கா, பீடி சுத்துதா. ஊரு என்னைய மெச்சுது, தம்பி செஞ்ச துரோகத்த மறந்து நாத்தனா சோறு போடுதான்னு. நான் சிரிச்சுக்கிடுவேன். என் வடக்குப் பத்தியில மாடு கட்டுனவ என் அடுப்படியில கரி தேய்க்கா. எனக்கு அது போதும். சாவுத வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்.

இப்பம் புரியுதா, ஏன் அடிக்கச் சொல்லுதேன்னு? அந்த மஞ்சப் பைக்குள்ள பத்திரத்துக்க நகல் இருக்கு. தாளு ஒண்ணும் மாறல. ஒவ்வொரு பக்கத்துலயும் அவ போட்ட கையெழுத்தே இருக்கு. நீ ஒரு மூணு மாசம் நடத்துனா போதும், எடுத்து எழுத்துக் கூட்டிருவா. முத வரியிலேயே தெரிஞ்சு போவும், நான் தெரிஞ்சேதான் போடுன்னு சொன்னேன்னு. பேனாவ எடு. ஒரே ஒரு கோடு. மத்த முப்பது பேருக்கும் நீ என்ன வேணாலும் சொல்லிக்குடு.

என்ன? ஏன் தலையக் குனியுத?

யாரு வாசிச்சா?

என்னைக்கு? நான் கண்ணாஸ்பத்திரி போன அன்னைக்கா? ஒங்கிட்டயா? சும்மா சொல்லுத. அவளுக்குப் பேருக்கு மேல ஒரு எழுத்து தெரியாது, நானே சொல்லிக்குடுக்கல. மஞ்சப் பைய எடுத்தாளா. எத்தன பக்கம்? முழுசுமா? தெத்தித் தெத்தியா, கடகடன்னா? யாதொரு பாத்தியமும்? அதக் கூடவா? அது எனக்கு நாலு நாள் பிள்ள.

சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாளே. கையி பீடியில, கண்ணு போர்டுல. நான் முன்ன இருக்கவளுவளப் பாத்து நடத்திட்டு இருந்தேன், அவளப் பாக்கல. எப்பத்துலேருந்து தெரியுமாம் அவளுக்கு? கேட்டியா? வந்த மொத வருசமே வாசிச்சிட்டாளாமா.

பெறவு எதுக்கு ஒங்கிட்டப் பேரு குடுத்தா? ஓ, எழுதத் தெரியாது. வாசிக்க வரும், எழுத வராது. எழுதி என்ன செய்யப் போறாளாம்? மனுவா? கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கக்கிழம மனு. வீட்டத் திருப்பிக் கேட்டு. தன் கையால எழுதணுமாம். சரி எழுதட்டுமே, எவன் நம்புவான், அவ கையெழுத்துதான அதுல இருக்கு. வாசிச்சுக் காட்டாம ஏமாத்திட்டான்னு சொன்னா ஒரு சாட்சி வேணும்லா. நீ அதையும் கேட்டியா? கேட்டதுக்கு என்ன சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லு, கூட்டாத, குறைக்காத.

"எங்க மயினிதான் சாட்சி. அவங்களாவே ஒருநா சொல்லுவாவ. அதுக்குத்தான் காத்துக்கெடக்கேன்."

அப்படியா சொன்னா. அவ வாயால.

பாத்தியா பழிகாரிய. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாவ. நான் அவளப் பழி வாங்கிட்டேன்னு நெனச்சு நிம்மதியா இருக்கேன், அவ நாலு வருசமா தெரிஞ்சுக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்கா. நான் அதத் தின்னுருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன், உம் புருசன் எனக்கு என்ன செஞ்சான்னு நாக்கப் பிடுங்கிக்கிடுத மாதிரி கேட்டிருப்பேன். கேக்கவே இல்லையே. வெசத்த வச்சிருந்தாக் கூட ஒரே நாளோட முடிஞ்சிருக்கும். இது நாலு வருசம்லா. எம் புத்திக்கு இப்படி ஒரு பழி தோணல பிள்ள, அவளுக்குத் தோணிருக்கு.

மன்னிச்சிட்டாளோவா? நீ வாய மூடு. மன்னிக்க அவ யாரு?

அந்த லிஸ்ட மடிச்சு உள்ள வையி. அடிக்காண்டாம். அடிச்சு இப்பம் என்ன வரப் போவுது. அவ நான் சொல்லணும்னுதான காத்துக் கெடந்தா. நான் ஒங்கிட்ட முழுசும் சொல்லிட்டேனே. போடுன்னு சொன்னதையும் சொல்லிட்டேன், அல்வா தின்னதையும் சொல்லிட்டேன். நீ எல்லாந் தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்து கேட்டுருக்க. ஒன்னையும் அவதான் அனுப்புனாளா?

மணி என்ன? அஞ்சாவப் போவுதா? தெருவுல வாரா பாரு, அந்தா, தலையில இலைக்கட்டு. இப்பம் நேரா உள்ள வந்து கையக் கழுவுவா. அஞ்சு மணிக்கு எனக்குச் சொட்டு மருந்து விடணும், ஒருநாளும் நேரம் தப்ப மாட்டா. என் தலையத் தூக்கி அவ மடியில வச்சு, கண்ண நல்லாத் தொறங்க மயினிம்பா. சொட்டு விழுத வரைக்கும் அவ மூஞ்சியவே பாத்துட்டுக் கெடக்கணும்.

நீ போயிராத பிள்ள. கொஞ்சம் இரு.